2002 கிராண்ட் காரவன் 3.3: எஞ்சின் மிஸ் அடிக்கிறது, கியரும் விழுகிறது. கியர்பொக்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

நீலவான் | ஸ்காபரோ

வணக்கம். எங்களிடம் இருப்பது 2002ஆம் ஆண்டு டொட்ஜ் கிராண்ட் காரவன் வான். 3.3 லீற்றர் வி6 எஞ்சின், நான்கு கியர் ஒட்டோமற்றிக், 248,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. இந்தக் குளிர்காலம் முழுவதும் அது எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஈரமான காலைகளில் ஸ்ராட் செய்தால் எஞ்சின் நடுங்குகிறது. எஞ்சின் விளக்கு சிறிது நேரம் மினுங்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிகிறது. சூடேறினால் நடுக்கம் ஏறக்குறைய அடங்கிவிடும். ஆனால் மணிக்கு 70, 80 கிலோமீற்றரில் காலை இலேசாக வைத்து ஓட்டும்போது வேறொரு அதிர்வு வருகிறது. நெடுஞ்சாலை ஓரத்து வெட்டுக் கோடுகளில் ரயர் ஏறியதுபோல ஓரிரு விநாடி உதறிவிட்டு நின்றுவிடும். இவை போதாதென்று, சில நாட்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் டமாரென்று விழுகிறது. அதற்குப் பிறகு எஞ்சின் இரைகிறதே தவிர வேகம் ஏறுவதில்லை. ஓரமாக நிறுத்தித் திறப்பை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறது.

பக்கத்துக் கராஜ் ஒன்றில் காட்டினோம். வானைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது, அதுதான் எஞ்சினையும் இழுக்கிறது" என்று சொல்லி 3,200 டொலர் கேட்கிறார்கள். வானின் பெறுமதியே அவ்வளவு வராது. பிள்ளைகளை நீச்சலுக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் ஏற்றி இறக்க எங்களுக்கு வேறு வாகனமும் இல்லை. என்ன செய்யலாம்?


கணக்குப்பிள்ளை | பிராம்ப்டன்

சாலை உப்பில் இருபது ஆண்டுக்கு மேல் ஊறிய வண்டிக்கு 3,200 டாலரா? கியர்பெட்டியைச் சரிசெய்வீர்கள், அடுத்த மாதம் பிரேக் குழாய் துருப்பிடித்து ஒழுகும். வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள், அக்கா. அந்தப் பணத்தை வேறொரு வண்டிக்கு முன்பணமாகக் கட்டுங்கள்.


நொய்யல் | மிசிசாகா

விற்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். இந்த மாடலில் அதற்குக் கருவிகூட வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஆன், ஆஃப், ஆன், ஆஃப், ஆன் என்று ஐந்து வினாடிக்குள் திருப்பிக் கடைசியில் ஆன் நிலையிலேயே விட்டுவிடுங்கள். கிலோமீட்டர் காட்டும் இடத்தில் பிழை எண்கள் ஒவ்வொன்றாக வரும். அப்படியே எழுதி இங்கே போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விளக்கு மினுங்கும்போது வண்டியை விரட்டாதீர்கள். நிலையாக எரிந்தால் "பிறகு கவனி" என்று பொருள். மினுங்கினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். அது சூட்டில் உருகி அடைத்துக்கொண்டால் செலவு இரட்டிப்பாகும்.


நீலவான் | ஸ்காபரோ

நன்றி. திறப்பைத் திருப்பிப் பார்த்தோம். வந்தவை மூன்று: பி0302, பி0305, பி0700.


கராஜ்வாசி | ஏஜக்ஸ்

தங்கச்சி, ஓய்வு பெறும்வரை கியர்பொக்ஸ் பிரித்துப் பூட்டுவதுதான் என் தொழில். அந்த 3,200 டொலரை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் சொன்னவை மூன்று வெவ்வேறு நோய்களாக இருக்கலாம். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்கு எல்லாம் ஒரே உதறலாகத்தான் தெரியும்.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; பி0305 என்றால் ஐந்தாவது. உங்கள் எஞ்சினில் 1, 3, 5 மூன்றும் பின்வரிசையில், கண்ணாடிப் பக்கச் சுவரை ஒட்டி இருக்கின்றன. 2, 4, 6 முன்வரிசையில், ரேடியேற்றர் பக்கம். ஆக இரண்டும் ஐந்தும் வேறு வேறு வரிசை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களும் அல்ல. பிறகு ஏன் சேர்ந்து படுக்கின்றன? பிளக்கில் பொறி பாய மின்சாரம் கொடுப்பது கொயில். இந்த எஞ்சினில் ஆறு சிலிண்டருக்கு மூன்று கொயில்தான். 1க்கும் 4க்கும் ஒன்று, 2க்கும் 5க்கும் ஒன்று, 3க்கும் 6க்கும் ஒன்று. உங்கள் இரண்டு எண்களும் ஒரே கொயிலில் வந்து முட்டுகின்றன. இன்ஜெக்டரோ வால்வோ பழுதாகி இருந்தால் இப்படிக் கணக்காக ஒரே சோடியைப் பிடித்திருக்காது.

அதற்காக உடனே கொயில் வாங்க ஓடாதீர்கள். ஒரு சோடியில் மின்சாரம் கொயிலின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, ஒரு பிளக்கில் பாய்ந்து, எஞ்சின் உலோகம் வழியே மற்றப் பிளக்கில் ஏறி, கொயிலின் மறுமுனைக்குத் திரும்புகிறது. இரண்டு பிளக்கும் ஒரே வளையத்தில் இருப்பதால் ஒரு வயர் உள்ளே அறுந்தாலும் இரண்டு சிலிண்டரும் படுக்கலாம். ஆகவே மீற்றரை எடுங்கள். கொயிலில் ஒரே சோடியின் இரண்டு கோபுரங்களுக்கு, அதாவது வயர் மாட்டும் முனைகளுக்கு, இடையே ஓம் அளவு பாருங்கள். பத்தாயிரம் ஓம் அளவில் எதுவோ வரும். எண்ணைவிட, மூன்று சோடியும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். பிறகு ஆறு வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி அளவுங்கள்.

பி0700 தனியான பழுது இல்லை. கியர்பொக்ஸுக்கு வேறு கணினி இருக்கிறது. "என்னிடம் ஒரு பிழை பதிவாகியிருக்கிறது, வந்து கேள்" என்று அது எஞ்சின் கணினியிடம் சொல்லி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிழை எண் படிக்கும் மலிவான புளூடூத் கருவிகள் பல அந்த இரண்டாவது கணினியுடன் பேசாது. அதனுடன் பேசக்கூடிய கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் போங்கள். அந்த எண்ணைப் பார்க்காமலே "முடிந்துவிட்டது" என்றவரிடம் மட்டும் திரும்பப் போகவேண்டாம்.


பனிச்சாலை | ஓஷவா

என் பழைய வேனிலும் இதே கதைதான். கியர்பெட்டி முன்பக்கத்தில் வெளியே பூட்டியிருக்கும் சொலனாய்டு தொகுதியை (மின்சாரத்தால் எண்ணெய் வழியைத் திறந்து மூடும் வால்வுகள்) மாற்றினேன், சரியாகிவிட்டது. பெட்டியை இறக்க வேண்டியதே இல்லை. நீங்களும் மாற்றிப் பாருங்கள். கடையில் விற்கும் நடுக்கம் நிறுத்தும் மருந்துக் குப்பி ஒன்றையும் கூடவே ஊற்றிவிடுங்கள்.


கராஜ்வாசி | ஏஜக்ஸ்

பனிச்சாலை, உங்கள் வானில் சொலனாய்டுக்கு உரிய எண் வந்திருக்கும், மாற்றினீர்கள். இங்கே எந்த எண் என்றே இன்னும் தெரியாது. ஊகித்து ஊகித்துச் சாமான் மாற்றினால் கடைசியில் கியர்பொக்ஸ் விலையே ஆகிவிடும். குப்பி மருந்தைப் பற்றி நான் வாயைத் திறந்தால் மட்டுறுத்துநர் கோபித்துக்கொள்வார்.

தங்கச்சி, ஒரு கேள்வி. கியர்பொக்ஸ் ஒயிலைக் கடைசியாக யார் தொட்டார்கள்? பற்றுச்சீட்டு இருந்தால் தேடிப் பாருங்கள்.


நொய்யல் | மிசிசாகா

வயர்களைக் கழற்றும் முன் ஒரு சோதனை. இரவில் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, தெளிப்பானால் வயர்கள் மேல் நீரைப் பனித்துளிபோல் தெளியுங்கள். உறை வெடித்த இடம் இருந்தால் நீலப்பொறி கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.


நீலவான் | ஸ்காபரோ

தம்பி வந்து சனி ஞாயிறு இரண்டு நாளும் வானோடு மல்லுக்கட்டினான். தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

நீர் தெளித்துப் பார்த்ததில் பொறி எதுவும் தெரியவில்லை. கொயிலில் மூன்று சோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. வயர்களில் ஐந்தாவது மட்டும் மீற்றரில் எதுவுமே காட்டவில்லை. வளைத்துப் பிடித்தால் எண் வருகிறது, விட்டால் போய்விடுகிறது. பிளக் முனையில் ரப்பர் தொப்பியைப் பிதுக்கிப் பார்த்தோம்; உள்ளே இருந்த உலோகக் கவ்வி அரைவாசிக்கு மேல் வெளிறிய பச்சைப் பொடியாகிக் கிடந்தது. குளிரில் அது விலகி நின்றிருக்கிறது, எஞ்சின் சூட்டில் விரிந்து மறுபடி தொட்டிருக்கிறது. ஈரக் காலைகளில் மட்டும் ஏன் நடுங்கியது என்பது இப்போது விளங்குகிறது.

ஆறு வயர்களையும் ஆறு பிளக்குகளையும் மாற்றினோம். பின்வரிசை மூன்றும் உயிரை எடுத்துவிட்டன. தம்பி கண்ணாடித் துடைப்பான் தட்டை முழுவதுமாகக் கழற்றி மேலாலே கை விட்டான். கழற்றிய பிளக்குகளை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு விசித்திரம். முன்வரிசையில் ஒரு விதமாகவும் பின்வரிசையில் வேறு விதமாகவும் தேய்ந்திருந்தன; சிலவற்றில் நடு முனை, சிலவற்றில் வளைந்த முனை. இது ஏதும் கோளாறா?

இப்போது காலையில் நடுக்கம் இல்லை. எண்களை அழித்த பின் 0302, 0305 திரும்ப வரவும் இல்லை. ஆனால் 75 கிலோமீற்றரில் வரும் உதறல் அப்படியே இருக்கிறது.

பற்றுச்சீட்டும் கிடைத்தது. இலையுதிர் காலத்தில் எஞ்சின் ஒயில் மாற்றிய இடத்தில் கியர்பொக்ஸ் ஒயில் குறைவு என்று சொல்லி இரண்டு லீற்றருக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள். சீட்டில் "எல்லா வாகனங்களுக்கும் பொருந்தும் ஏடிஎப்" (ஒட்டோமற்றிக் கியர்பொக்ஸ் ஒயில்) என்றுதான் இருக்கிறது.


கராஜ்வாசி | ஏஜக்ஸ்

பிளக் தேய்மானம் கோளாறு இல்லை. அந்த வளையத்தில் ஒரு பிளக்கில் பொறி நடுவிலிருந்து வெளியே பாயும், மற்றதில் வெளியிலிருந்து நடுவுக்கு. அதனால்தான் இந்த எஞ்சினுக்கு இரு முனையிலும் பிளாற்றினம் வைத்த பிளக் போடுகிறார்கள். பிளாற்றினம் இல்லாத சாதாரணப் பிளக்கும் ஓடும். ஆனால் சீக்கிரம் தேயும், துடைப்பான் தட்டை மறுபடி கழற்றும் பாக்கியம் உங்கள் தம்பிக்குத்தான்.

இனி 75இல் வரும் உதறல். இது எஞ்சினா, எஞ்சின் சுழற்சியை ஒயில் வழியே கியர்பொக்ஸுக்குக் கொடுக்கும் ரோர்க் கொன்வேர்ட்டரா என்று ஒரு காசு செலவில்லாமல் பிரித்துப் பார்க்கலாம். வாகனம் குறைந்த நேரான வீதியில், உதறல் வந்துகொண்டிருக்கும்போதே, வலது காலை அசைக்காமல், இடது காலால் பிரேக் மிதியை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். வான் மெதுவாகக்கூடக் கூடாது. பிரேக் ஆளி வேலை செய்த உடனே கணினி கொன்வேர்ட்டரின் உள்ளே இருக்கும் பூட்டுக் கிளட்சை விடுவித்துவிடும். எஞ்சின் சுற்று இருநூறு முந்நூறு ஏறுவதை மீற்றரில் காணலாம். அந்தக் கணமே உதறல் நின்றால் குற்றம் கொன்வேர்ட்டர் கிளட்சில், அல்லது அதை நனைக்கும் ஒயிலில். நிற்காவிட்டால் எஞ்சினை மறுபடி பார்க்க வேண்டும்.

பற்றுச்சீட்டைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இந்தக் குடும்பத்து முதல் பெட்டி 1989 மாடலில் ஏ604 என்ற பெயரில் வந்தது. உங்களுடையது அதன் வழிவந்த 41டிஇ. இதில் பழைய பெட்டிகளில் இருந்த பட்டைகள் கிடையாது, எல்லாம் கிளட்சுதான். ஒவ்வொரு கிளட்சும் எவ்வளவு மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்பதைக் கணினி அளந்து அளந்து ஓட்டுகிறது. அந்த அளவெல்லாம் ஒரு குறிப்பிட்ட வழுக்கலுள்ள ஒயிலை நம்பிப் போட்ட கணக்கு. அதற்கு ஏடிஎப்+4 தவிர வேறு எதுவும் ஒத்துவராது. டெக்ஸ்ரோன் வகை ஒயிலோ "எல்லாவற்றுக்கும்" என்று விற்கும் ஒயிலோ கலந்தால் முதலில் உதறுவது கொன்வேர்ட்டர் கிளட்ச்தான்.


கணக்குப்பிள்ளை | பிராம்ப்டன்

இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பெட்டியில் எண்ணெயைத் தொடவே கூடாது என்று எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் சொல்வார். பழைய எண்ணெயில் மிதக்கும் தூள்தான் தேய்ந்த கிளட்சைப் பிடித்துவைத்திருக்கிறதாம். புதியதை ஊற்றிய மறுநாளே பெட்டி படுத்துவிட்ட கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன்.


நொய்யல் | மிசிசாகா

அந்தக் கதைகளில் பாதி, பெட்டி ஏற்கனவே வழுக்கத் தொடங்கிய பிறகு கடைசி நம்பிக்கையாக எண்ணெய் மாற்றியவர்களுடையது. சாகப்போகிறவருக்குக் கடைசியாகத் தண்ணீர் கொடுத்தவர்மேல் பழி போடுவதுபோலத்தான் இது. இங்கே பெட்டி வழுக்கவில்லை, பூட்டுக் கிளட்ச் உதறுகிறது. உள்ளே இருப்பதும் பழைய எண்ணெய் இல்லை, தவறான எண்ணெய்.


நீலவான் | ஸ்காபரோ

பிரேக் சோதனையை ஞாயிறு காலை செய்து பார்த்தேன். மிதியைத் தொட்டதும் உதறல் பட்டென்று நின்றது. காலை எடுத்தால் சிறிது நேரத்தில் மறுபடி வருகிறது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

கியர் விழுவதும் திரும்பிப் போகும் வழியில் நடந்தது. இந்த முறை தம்பி பக்கத்தில் இருந்து மீற்றர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கியர் விழுவதற்குச் சற்று முன் வேகமானி முள் பூச்சியத்துக்குச் சரிந்து, எழுந்து, மறுபடி சரிந்தது என்கிறான். வான் அப்போது 60இல் போய்க்கொண்டிருந்தது.


கராஜ்வாசி | ஏஜக்ஸ்

தம்பிக்கு ஒரு தேநீர் கூடுதலாகக் கொடுங்கள்.

கியர்பொக்ஸின் வெளிப்புறத்தில் இரண்டு வேக உணரிகள் திருகப்பட்டிருக்கும். ஒன்று உள்ளே வரும் வேகத்தை எண்ணும், மற்றது சில்லுக்குப் போகும் வேகத்தை. ஒன்றை மற்றதால் வகுத்துத்தான் எந்தக் கியரில் இருக்கிறோம், ஏதும் வழுக்குகிறதா என்று கணினி அறிகிறது. உங்கள் மாடலில் வேகமானிக்கும் அந்த இரண்டாவது உணரிதான் கணக்குக் கொடுக்கிறது. அது செத்தால் முள் விழும், கணக்கு உதைக்கும். பெட்டியைக் காப்பாற்றக் கணினி எல்லாச் சொலனாய்டுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரம் இல்லாவிட்டால் இந்தப் பெட்டியில் முன்னோக்கி மிஞ்சுவது இரண்டாம் கியர் மட்டுமே. வீடு போய்ச் சேரட்டும் என்று வடிவமைத்தவர்கள் விட்டுவைத்த வழி அது. திறப்பை அணைத்துப் போட்டால் கணினி மறுபடி முயன்று பார்க்கும், அதனால்தான் சரியானதுபோலத் தெரிகிறது.

சரியான கருவியில் பி0720 என்று வரும் என்பது என் எதிர்பார்ப்பு. உணரியை வாங்கும் முன் அதன் செருகியைக் கழற்றி உள்ளே பாருங்கள். உப்பு நீர் ஏறும் இடம். உணரியைத் திருகிக் கழற்றினால் கொஞ்சம் ஒயில் ஒழுகும், பயப்படவேண்டாம். கீழே ஒரு தட்டு வையுங்கள்.

ஒயில் விடயம். இயந்திரத்தால் அழுத்திக் கழுவுவது வேண்டாம். அடித்தட்டை இறக்கி, வடிகட்டி மாற்றி, ஏடிஎப்+4 ஊற்றுங்கள். தட்டில் வடிகால் திருகு இல்லை, ஆகவே ஒரு மூலையைத் தாழ்த்தி வடியவிடுங்கள், முழங்கைவரை நனைவீர்கள். பெட்டி முழுவதும் ஏறக்குறைய ஒன்பது லீற்றர் பிடிக்கும், தட்டை இறக்கினால் வருவது நான்கு அளவில்தான். மீதி கொன்வேர்ட்டருக்குள் நிற்கும். எனவே சில வாரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை மாற்றினால்தான் தவறான ஒயில் பெரும்பாலும் வெளியேறும்.

வடியும் ஒயில் பழுப்பாக இருந்தால் பதறாதீர்கள். ஏடிஎப்+4இன் சிவப்புச் சாயம் நிலையானதல்ல, நல்ல ஒயிலும் காலப்போக்கில் கறுக்கும், வாசமும் மாறும். நிறத்தைக் காட்டி உங்களை மிரட்டுபவரை நம்பாதீர்கள். தட்டின் அடியில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பு. விரலில் குத்தும் உலோகத் துண்டோ, கிளட்சின் கறுப்புத் துணுக்குகளோ கிடந்தால் படம் எடுத்துப் போடுங்கள், அப்போது அந்த 3,200 டொலரைப் பற்றிப் பேசுவோம்.


பனிச்சாலை | ஓஷவா

பேட்டரியையும் பாருங்கள். மின்னழுத்தம் தாழ்ந்தாலும், தரையிணைப்புக் கம்பி துருப்பிடித்தாலும் இந்தப் பெட்டியின் கணினி குழம்பி இரண்டாம் கியரில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, கராஜ்வாசி அண்ணை!


நீலவான் | ஸ்காபரோ

பிக்கரிங்கில் ஒருவர் நல்ல கருவி வைத்திருந்தார். பி0720 தான். வேறு எதுவும் இல்லை. பற்றரியும் தரையிணைப்பும் சரி.

செருகியைக் கழற்றினால் இரண்டு ஊசியில் ஒன்று பச்சையாகி, தொட்டதும் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. புது உணரியும் வயரோடு கூடிய புதுச் செருகியும் போட்டு, இணைப்புகளைச் சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினோம். வேகமானி முள் அதன் பிறகு ஆடவில்லை. கியரும் விழவில்லை.

அடித்தட்டு இறக்கியாயிற்று. ஒயில் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. காந்தத்தில் சாம்பல் பசை மட்டும்தான். விரலால் தேய்த்துப் பார்த்தோம், எதுவும் குத்தவில்லை. முதல் மாற்றத்திலேயே உதறல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மேட்டில் ஏறும்போது மட்டும் இலேசாகத் தெரிகிறது. இரண்டாவது மாற்றம் அடுத்த மாதம்.

கருவிக்காரர் பெட்டிக்குள் இருக்கும் நான்கு கிளட்சுகளின் பெயரையும் கொள்ளளவு எண்ணையும் எழுதித் தந்தார்: எல்ஆர் 71, 2-4 49, ஓடி 96, யூடி 52. இவை நல்லவையா? மொத்தச் செலவு அந்தக் கராஜ் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.


கணக்குப்பிள்ளை | பிராம்ப்டன்

சரி, வண்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் பிரேக் குழாயை மறக்காதீர்கள். 2019 ஏப்ரலில் ஒன்டாரியோ சாதாரணக் கார்களுக்கான டிரைவ் கிளீன் புகைச் சோதனையை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளை வழக்கமாக யாரும் கட்டாயப்படுத்திப் பார்ப்பதில்லை. உங்கள் தம்பி அடியில் போகும்போது டார்ச் அடித்து அந்தக் குழாய்களையும் ஒரு பார்வை பார்க்கட்டும்.


கராஜ்வாசி | ஏஜக்ஸ்

இந்த முறை கணக்குப்பிள்ளையோடு ஒத்துப்போகிறேன், பிரேக் குழாயைப் பாருங்கள்.

எண்களுக்கு வருகிறேன். ஒவ்வொரு கிளட்சும் பிடிப்பதற்கு முன் எவ்வளவு ஒயில் நிரம்பவேண்டியிருக்கிறது என்பதன் அளவு அது. கிளட்ச் தேயத் தேய இடைவெளி கூடும், எண்ணும் ஏறும். வழமையான எல்லை எல்ஆருக்கு 35 முதல் 83, 2-4க்கு 20 முதல் 77, ஓடிக்கு 48 முதல் 150, யூடிக்கு 24 முதல் 70. நான்கும் எல்லைக்குள் இருக்கின்றன. மேல் எல்லைக்குக் கிட்ட நிற்பது எல்ஆர். அது முதல் கியரிலும் ரிவேர்சிலும் பிடிக்கும் கிளட்ச். காலையில் ரிவேர்ஸ் போட்டு வான் அசைய இரண்டு விநாடி எடுக்கத் தொடங்கினால் இங்கே சொல்லுங்கள். இந்த அளவுகளில் நானாக இருந்தால் பெட்டியைத் திறக்க மாட்டேன்.

கொன்வேர்ட்டரின் பூட்டுக் கிளட்ச் இந்த நான்கில் சேராது, அதற்கு ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை. இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகும் மேட்டில் உதறினால் மூன்றாவதையும் செய்யுங்கள். ஒயில் சூடாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் மட்டம் பார்க்க வேண்டும். உங்கள் வானில் குழாய் மட்டும் இருந்து அளவுகோல் இல்லாவிட்டால், மட்டம் பார்க்கும் கோலும் வெப்பநிலை அட்டவணையும் வைத்திருக்கும் இடத்தில் பாருங்கள். கூடுதலாக ஊற்றினால் நுரைத்து வேறு வம்பைக் கொண்டுவரும்.


நீலவான் | ஸ்காபரோ

ரிவேர்ஸ் இப்போதைக்கு உடனே பிடிக்கிறது, அண்ணை. பிரேக் குழாயில் பின்சில்லுக்குப் போவது ஓரிடத்தில் செதில் செதிலாக உரிகிறது என்று தம்பி சொல்கிறான். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.